பழைய டீசல் லோரி காலையில் முரண்டு பிடித்தால் முதல் காசை எங்கே போடுவது?

"பேட்டரியை மாற்றவா, ஸ்டார்டரைக் கழற்றவா, டீசல் பம்பை ஈப்போவுக்குக் கொண்டுபோகவா? இல்லை, பேசாமல் ஹாஃப்-கட் (ஜப்பானில் ஓடிய பழைய வண்டியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த) இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிடவா?" பழைய லோரி வைத்திருப்பவர்கள் கேட்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆனால் இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான செலவு. சில நூறு வெள்ளியில் ஆரம்பித்து, பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்கு உரமும் ஆலைக்குச் செம்பனைப் பழமும் ஏற்றுகிற சின்ன லோரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய கேன்டர், இசுசு, ஹினோ, அப்புறம் தோட்டத்துக்குள் ஓடும் டீசல் ஹைலக்ஸ். எல்லாம் கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய, சாதா பம்ப் வைத்த வண்டிகள். காமன் ரயில் வண்டிக்கு ஸ்கேனர் வேண்டும்; அது வேறு கதை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதுப் பேட்டரி போட்ட அன்று அநேகமாக எல்லா லோரியும் ஸ்டார்ட் ஆகும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சுவரில் போய்விடும், காற்றும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியே கசிந்துவிடும். ரிங் தேய்ந்த இன்ஜினைக்கூடப் புதுப் பேட்டரி வேகமாகச் சுற்றிவிட்டுப் பற்ற வைத்துவிடும். சில மாதம் போனதும் பேட்டரி கொஞ்சம் தளரும், பழைய வியாதி திரும்ப வரும். "பேட்டரி கம்பெனி சரியில்லை" என்று திட்டுவோம். பம்புக்கும் ஸ்டார்டருக்கும் இதே கதைதான். ஒரு சாமானை மாற்றி வண்டி ஸ்டார்ட் ஆனது என்பதற்காக அந்தச் சாமான்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம். முதலாவது, போடுகிற காசு காரணத்தைக் காட்டுமா, இல்லை சாமானை மாற்றுவதோடு சரியா. இரண்டாவது, லோரி எத்தனை நாள் படுக்கும். வெட்டிய பழம் காத்திருக்காது. நேரம் ஆக ஆக அமிலம் ஏறும், ஆலையில் கிரேடிங்கில் அடி விழும். பட்டறை பில்லைவிட இதுதான் சிலருக்குப் பெரிய நஷ்டம். மூன்றாவது, கணக்குத் தப்பினால் காசு மீளுமா. தேவையில்லாமல் வாங்கிய பேட்டரியை அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். தேவையில்லாமல் பிரித்துப் பூட்டிய பம்புக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: இதைச் செய்தால் அடுத்த சோதனை தெளிவாகுமா, குழம்புமா?

## எந்த வழிக்குப் போகுமுன்னும் கேட்க வேண்டியது

இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? காலைக் குளிரில் மட்டுமா, சூடானபின் நிறுத்தினாலுமா? சுற்றும்போது புகைக்குழாயில் என்ன வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் யாருக்கும் போன் போடாதீர்கள்.

| என்ன நடக்கிறது | சந்தேகம் | முதலில் தட்ட வேண்டிய கதவு |
|---|---|---|
| மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக்' சத்தத்தோடு நிற்கிறது | பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் சேசிஸோடும் சேர்க்கும் இணைப்பு), கேபிள், ஸ்டார்டர் | சொந்தச் சோதனை, பிறகு வயர்மேன் |
| நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை | டீசல் வந்து சேரவில்லை: காற்று, அடைப்பு, ஸ்டாப் சோலனாய்டு (டீசலைத் திறந்து அடைக்கும் மின் வால்வ்) | சொந்தச் சோதனை, பிறகு ஊர்ப் பட்டறை |
| நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை கொட்டுகிறது | டீசல் வருகிறது, பற்றவில்லை: ஹீட்டர் பிளக், நோசல் (டீசலைத் தெளிக்கும் முனை), டைமிங் (தெளிக்கும் நேரம்), கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்) | ஊர்ப் பட்டறை |
| காலையில் சரி, சூடானபின் நிறுத்தினால் தகராறு | பம்ப் தேய்மானம், அல்லது சூட்டில் சோரும் ஸ்டார்டர் | சுற்றும் வேகம் குறையாவிட்டால் பம்ப் கடை; குறைந்தால் வயர்மேன் |
| வெள்ளைப் புகை, ஆயில் குடி, ஆயில் மூடி வழியே காற்று அடிக்கிறது | ரிங், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) | இன்ஜின் கணக்கு |

## நாமே பார்ப்பது

செலவு: ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஸ்பேனர், ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் டியூப். என்னைக் கேட்டால் எல்லா வழியிலும் இதுதான் முதலில். மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை. ஆனால் முதல்நாள் ராத்திரி நிறுத்திய வண்டியை மறுநாள் விடியலில், யாரும் சாவி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். டிரைவர் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் பாதிச் சாட்சி போய்விட்டது.

முதலில் பேட்டரி. கேன்டர் மாதிரி 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராகக் கட்டியிருக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் 12.6 வாக்கில் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஒன்று 12.6, இன்னொன்று 12.1 என்று வந்தால் அங்கேயே ஒரு துப்பு கிடைத்துவிட்டது: ரேடியோவுக்கோ கேமராவுக்கோ போன் சார்ஜருக்கோ யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருக்கலாம்; வயரைத் தேடிப் பாருங்கள். இழுத்திருந்தால், அந்தப் பேட்டரி எப்போதும் பசியோடு இருக்கும், மற்றது அதிகச் சார்ஜில் வேகும். எத்தனை புது பேட்டரி போட்டாலும் இந்த வயரை எடுக்காதவரை கதை மாறாது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிப் போடுவதுதான் வழி.

அடுத்து, ஒருவர் சாவி முறுக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். சுற்றும்போது ஒவ்வொரு பேட்டரியும் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. 11 வோல்ட் வரை தாங்கிக்கொண்டு இன்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி மேல் பழி போட வேண்டாம். மின்சாரம் வழியில் எங்கேயோ தங்கிவிடுகிறது, இல்லை ஸ்டார்டருக்குள்ளேயே பிரஷ் தேய்ந்திருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயத்தலையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்து மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போய்விட்டது. பாசிட்டிவ் பக்கத்தையும் ஈயத்தலையிலிருந்து ஸ்டார்டர் போல்ட் வரை அப்படியே பார்க்கலாம்.

நம் ஊர் லோரிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த எர்த்தைத்தான். காரணம் உரம். எம்ஓபி என்று நாம் சொல்லும் சிவப்பு உரம் பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. மூட்டை கிழிந்து சிந்துகிறது, மழையில் கரைந்து சேசிஸ் வழியே ஒழுகுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்தில் சேசிஸோடு பின்னல் எர்த் கம்பி சேரும் இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். மேலே சேறு காய்ந்திருக்கும், அதைச் சுரண்டினால் பச்சைப் பொடி உதிரும், போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். இறுக்கமாக இருப்பதால்தான் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டினால் செலவு ஒரு டீக்காசு.

அப்புறம் டீசல். விடியலில் சாவி போடுமுன், லைனில் டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை அடித்துப் பாருங்கள். கல் மாதிரி கெட்டியாகும் வரை அடித்துவிட்டு முறுக்கியதும் வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டால், ராத்திரியில் லைனுக்குள் காற்று புகுந்து டீசல் டேங்கிக்கே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ரப்பர் ஹோஸைக் கழற்றி அந்தத் தெளிவான டியூபைப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். எங்கே கசிகிறது என்பதைச் சுருக்க, ஒரு சுத்தமான டின்னில் டீசல் ஊற்றிப் பம்பைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். அப்போது நன்றாக ஸ்டார்ட் ஆனால் டேங்கியிலிருந்து வரும் பாதையில்தான் ஓட்டை: பழைய ஹோஸ், செம்பு வாஷர், ஃபில்டர் தலையின் ஓ-ரிங், டேங்கிக்குள் இருக்கும் குழாய்.

பழைய ஹோஸைச் சும்மா சொல்லவில்லை. 2019-இல் போக்குவரத்து டீசலில் பாமாயில் பயோடீசல் கலவையை 10 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன்பு செய்த ரப்பர் ஹோஸ்கள் பலவற்றுக்குப் பயோடீசல் ஒத்துக்கொள்ளாது. உப்பும், மெத்தென்று ஆகும், வெடிக்கும். டேங்கியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடையும் அது கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். பால்மரத்தைத் தோட்டத்திலிருந்து துரத்திய செம்பனை, லோரிக்குள் இருக்கிற ரப்பரையும் விட்டுவைக்கவில்லை! தீபாவளி விடுமுறையில் பாதி டேங்கியோடு நிறுத்திய வண்டி என்றால் ஃபில்டர் அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும். அதையும் திறந்து வடித்துவிடுங்கள்.

ஹைலக்ஸில் வரும் பழைய 2எல் மாதிரி இன்ஜின்களில் டீசல் முன்அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அவற்றுக்கு நம் ஊர் வெயிலிலும் காலையில் ஹீட்டர் பிளக் வேண்டும். கேன்டரின் 4டி33 போன்று நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின், கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் நம் ஊர்க் காலையில் ஹீட்டர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப் எடுத்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டால் போதும். எரியாத பிளக் செத்த பிளக்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நம் பொறுமையின்மைதான். ஸ்டார்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அது வெந்துவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டுத்தான் அடுத்த முறை. 12 வோல்ட் காரிலிருந்து 24 வோல்ட் லோரிக்கு ஜம்பர் போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வண்டிக்குக் கீழே போகும்போது கட்டை வைக்காமல், நியூட்ரலைப் பார்க்காமல் போகாதீர்கள்.

## வயர்மேனைக் கூப்பிடுவது

மெதுவாகச் சுற்றுகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் இவரே சரியான ஆள். வண்டி நிற்கிற இடத்துக்கே வருவார், அன்றைக்கே முடியும், லோரி படுக்காது. ஸ்டார்டரில் பிரஷ், புஷ், சோலனாய்டு காண்டாக்ட் மூன்றையும் மாற்றுவது புது ஸ்டார்டரைவிட எவ்வளவோ மலிவு. பழைய ஜப்பான் ஸ்டார்டரின் உடம்பு கெட்டி. அதைக் கொடுத்துவிட்டுப் பெயர் தெரியாத புதுசு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பலவீனம் ஒன்று உண்டு. வயர்மேன் கண்ணுக்கு எல்லாமே வயராகத் தெரியும். காற்று புகுந்த டீசல் லைனுக்கு அவரைக் கூப்பிட்டால் பேட்டரி, ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர் என்று வரிசையாக மாற்றி முடித்துவிட்டு "அண்ணே, இனி போர்மேன்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதனால் வந்ததும் இதைச் சொல்லுங்கள்: "தம்பி, முதல்ல மீட்டர் வச்சு எர்த் டிராப் பாருங்க, அப்புறம் கழட்டலாம்." முகம் சுளிக்காமல் மீட்டரை எடுப்பவரை விடாதீர்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரிதான் என்று முடிவானால் 24 வோல்ட் வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று ஒன்றை மட்டும் மாற்றினால் பழசு புதுசையும் கெடுத்துவிடும். ஸ்டார்ட் ஆனபின் சார்ஜிங் 27.6-லிருந்து 28.8-க்குள் இருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள். 12 வோல்ட் வண்டிக்கு அதில் பாதி.

## ஊர்ப் பட்டறை

நன்றாகச் சுற்றியும் பற்றாத வண்டிக்கு இது. டைமிங், டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்), நோசல், கம்ப்ரஷன் நான்கையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும். வெறும் டேப்பட் இடைவெளி இறுகிப்போய் வால்வ் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் குறைவதும் உண்டு. அரை நாள் வேலை, பெரிய செலவில்லை. "இன்ஜின் போச்சு" என்று யாராவது சொன்னால் டேப்பட் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

பட்டறைக்கு வண்டியை எப்போது கொண்டுபோகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் கஷ்டப்பட்டு ஸ்டார்ட் பண்ணி, பத்து மைல் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் இன்ஜின் சூடு. போர்மேன் சாவி போட்டதும் கிண்ணென்று பிடிக்கும். "நல்லாத்தானே இருக்கு?" என்பார். அவர் மேல் தப்பில்லை, நோய் அங்கே இல்லை. சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் நான் வரும்வரை யாரும் சாவி தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு நாள் வருமானம் போகும். ஆனால் நோயைப் பார்க்காமல் வைத்தியம் பண்ணுகிற செலவு அதைவிடக் கூட.

கம்ப்ரஷன் டெஸ்டுக்கு முன்னால் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் எல்லா சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி இன்ஜினைப் பிரித்தால் கையைச் சுடும். மொத்த அளவைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் நிறையப் பேசும். நான்கில் ஒன்று மட்டும் குறைந்தால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். நான்கும் ஒரே சீராகக் குறைந்தால் தேய்மானம்.

## ஈப்போ பம்ப் கடை

பம்ப்தான் எல்லோரும் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டும் சாமான். பெரிய தொகை, பெரிய பெயர் என்பதாலோ என்னவோ, பம்ப் போய்விட்டது என்று சொன்னால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் பம்புக்கு முன்னால் இருக்கும் பத்து வெள்ளி ஹோஸ்தான் பல வண்டிகளில் வில்லன்.

பம்பே குற்றவாளி என்பதற்கு நல்ல அடையாளம் சூட்டுத் தகராறு. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், ஆலையில் பழம் கொட்டிவிட்டு அரைமணி நிறுத்தினால் பிடிக்காது, ஆனால் ஸ்டார்டர் வேகமாகத்தான் சுற்றும். சூட்டில் டீசல் இளகி, பம்புக்குள் டீசலை அழுத்தும் தேய்ந்த பிளஞ்சர் பக்கமாக வழிந்து, ஸ்டார்ட் வேகத்தில் போதிய அழுத்தம் வராமல் போகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது ஈரத்துணியைப் பம்ப் மேல் போர்த்தி, பம்ப் ஆறியதும் முறுக்கிப் பாருங்கள். உடனே பிடித்தால் பம்ப் கடைக்கு வழி கேட்கலாம். சிலர் வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். சூடான பம்பில், அதுவும் இன்ஜின் ஓடும்போது, அப்படிச் செய்தால் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இதிலும் இரண்டு சாதி உண்டு. கேன்டர் போன்ற லோரிகளில் வரும் நீளமான இன்லைன் பம்புக்கு அடிப்பாகத்தில் ஆயில் இருக்கிறது, அதனால் ஆயுசு கெட்டி. ஹைலக்ஸ் போன்றவற்றில் வரும் உருண்டையான விஇ பம்புக்கு டீசலே ஆயில். தண்ணீர் கலந்த டீசல் போனால் அது சீக்கிரம் தேயும். அதில் ஸ்டாப் சோலனாய்டு ஒன்றும் இருக்கும். சாவி போட்டதும் 'டிக்' சத்தம் வரவில்லை என்றால் பம்பைக் கழற்றுவதற்கு முன் அந்த வயரைப் பாருங்கள். இன்லைன் பம்பில் ஸ்டாப் கேபிளோ மோட்டாரோ முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பம்பை இறக்குவதற்கு முன்னால் நோசல்களை மட்டும் கழற்றிக்கொண்டுபோய் டெஸ்டரில் அடித்துப் பார்க்கச் சொல்லலாம். புகைபோல் தெளிக்க வேண்டியது சொட்டினால் அதுவே வெள்ளைப் புகைக்கும் காலைத் தகராறுக்கும் காரணமாக இருக்கலாம். நோசல் செலவு பம்ப் செலவில் ஒரு சின்னப் பங்குதான்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். இறக்கி ஏற்ற ஊர்ப் பட்டறைக்குத் தனிக் கூலி, டைமிங் வைக்கக் கூலி, லோரி படுக்கும் நாட்கள், சாமான் ஒரிஜினலா காப்பியா என்ற சந்தேகம். பம்பை ஓட்டி அளக்கும் காலிப்ரேஷன் பெஞ்சில் வைத்து எடுத்த அளவைத் தாளில் எழுதித் தராத கடையில் நான் பம்பைக் கொடுக்க மாட்டேன். பழைய ஃபில்டரையும் கசடு நிறைந்த டேங்கியையும் அப்படியே வைத்துக்கொண்டு புதுப்பித்த பம்பைப் பூட்டுவது, காசைச் சாக்கடையில் போடுவது.

## இன்ஜினைத் திறப்பது, அல்லது ஹாஃப்-கட்

இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, மூடியைத் தலைகீழாக அதே வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் வயசுக்குச் சகஜம். துள்ளி விழுந்து புகையும் கக்கினால் ரிங் போய்விட்டது. அதோடு ஆயிலும் குடித்து, காலையில் வெள்ளைப் புகையும் கொட்டினால் பேட்டரி, பம்ப் எதற்கும் இனிமேல் காசு போடாதீர்கள்.

ஓவர்ஹால் செய்தால் உங்கள் பிளாக், உங்கள் இன்ஜின் நம்பர். உள்ளே என்ன போட்டார்கள் என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் பிரித்தபின்தான் முழுச் செலவும் தெரியும், வண்டி வாரக்கணக்கில் படுக்கும். ஹாஃப்-கட் சீக்கிரம் முடியும், பம்ப், ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் ஜப்பானில் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. கடையிலேயே, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்னே சூடுபண்ணி வைத்திருந்தால் கையை பிளாக்கில் வைத்தாலே தெரியும்.

ஹாஃப்-கட்டுக்கு இன்னொரு செலவு தாளில். இன்ஜின் நம்பர் மாறுவதால் ஜேபிஜே பதிவை மாற்ற வேண்டும், அதற்கு முன் ஆய்வு, ரசீது, இறக்குமதிப் பத்திரம். கடைக்காரர் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்றால் அந்தப் பத்திரம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சேசிஸ் நல்லது, பின்பெட்டி நல்லது, ஆண்டு முழுக்க வேலை இருக்கிறது என்றால் ஹாஃப்-கட் நியாயம். சேசிஸை உரம் தின்றிருந்தால் இரண்டுமே வேண்டாம். அந்தக் காசை அடுத்த வண்டிக்கு முன்பணமாக வையுங்கள்.

## சமாளித்து ஓட்டுவது

இதையும் ஒரு வழியாகச் சேர்க்கத்தான் வேண்டும், பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது, நாள் முழுக்க இன்ஜினை நிறுத்தாமல் வைப்பது, காற்றுக் குழாயில் ஸ்டார்ட் ஸ்ப்ரே அடிப்பது.

ஸ்ப்ரேயை அடியோடு விடுங்கள். ஈதர் டீசலைவிட முன்னாடியே வெடிக்கும். தேய்ந்த ரிங்கை உடைக்கும், ஹீட்டர் சூடாக இருந்தால் குழாயிலேயே பற்றும். உருட்டி விடுவதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை: சின்ன லோரிகளின் பிரேக்குக்கு இன்ஜின் ஓடினால்தான் வேக்கம் உதவி கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மிச்ச வேக்கமும் போயிருக்கும், பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. இன்ஜின் பிடிக்காமல் லைன் வீட்டுச் சரிவில் இறங்கினால் பிரேக்கை நின்றுகொண்டு மிதித்தாலும் போதாது.

நிறுத்தாமல் வைப்பது முன்பு மலிவாகத் தெரிந்தது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. மானிய டீசலுக்கான ஃப்ளீட் கார்டு கிடைத்த லோரிகளுக்குப் பழைய விலை தொடர்ந்தது. கார்டு இல்லாத வண்டி ஆலை வரிசையில் மணிக்கு ஒரு லிட்டர் வாக்கில் சும்மா எரித்துக்கொண்டு நின்றால் மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள், ஒரு ஸ்டார்டர் ரிப்பேர் அதில் ஒளிந்திருக்கும்.

சமாளிப்பது நியாயமாகிற நேரமும் உண்டு. காரணம் தெரிந்துவிட்டது, சாமான் வர ஒரு வாரம் ஆகும், தினம் கைப்பம்பை அடித்தால் வண்டி ஓடுகிறது என்றால் அந்த வாரத்தை ஓட்டிவிடலாம். காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் அப்படி ஓட்டினால் ஸ்டார்டரின் பல்லும் ஃப்ளைவீல் பல்லும் சேர்ந்து தேயும். ஃப்ளைவீல் பல்லை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் மாதிரி வண்டி ஆய்வு மையத்தில் ஆய்வு இருக்கிறது, அங்கே புகையையும் அளப்பார்கள். நோசல், பம்ப், டைமிங் எதைத் தொட்டாலும் புகை மாறும். அந்த வேலைகளை ஆய்வுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே முடித்து, சுமையோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதற்குள் முடியாது என்றால் இப்போதைக்கு எர்த்தும் ஹோஸும் ஃபில்டரும் மட்டும், பம்பை ஆய்வு முடிந்த மறுநாள் கழற்றலாம்.